முட்டுக்கல்

முன்னால் உட்காருங்கள் சார். பின்னால் உட்கார்ந்தால் எட்டாவது வளைவிலேயே வயிற்றைப் பிரட்டும். பையைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகரப் பெட்டியின் மேல் வேண்டாம், அதில் ரொட்டி இருக்கிறது. மேல்சோலையில் இறக்க வேண்டும். வாசனை வருகிறதா? இந்த வண்டியில் எப்போதும் இந்த வாசனைதான். சீட்டுத் துணியிலெல்லாம் ஏறிவிட்டது. நான் குளித்துவிட்டு வந்தாலும் என் மேல் இந்த வாசனை வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

டிரைவர் சங்கத்துத் தலைவர் தணிகாசலம் நேற்றே போன் பண்ணிவிட்டார். 'பத்திரிகையிலேர்ந்து ஒருத்தர் வர்றாரு. உன்னைப் பத்தி எழுதப் போறாரு. அந்தக் காக்கிச் சட்டையில வந்து நிக்காதே, வேற ஏதாவது போடு' என்றார். போட்டிருக்கிறேன். ஆனால் போட்டோ இப்போது எடுக்க வேண்டாம். மேலே போனபிறகு எடுக்கலாம். எடுக்கலாமா என்பதையும் அப்போது முடிவு பண்ணலாம்.

ஞாயிற்றுக்கிழமை விழா. அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள். பிளெக்ஸ் அடித்துக் கட்டியாகிவிட்டது. அதில் நான் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறேன். தணிகாசலம்தான் பிடிக்க வைத்தார். 'குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடிடா, எறியப் போற மாதிரி நிக்கிறே' என்று திட்டினார். 'மலைப்பாதையின் காவலர்' என்று கீழே எழுதியிருக்கிறது. ரோட்டில் கிடக்கிற கல்லையெல்லாம் பன்னிரண்டு வருஷமாக இறங்கி இறங்கி எடுத்துப் போடுகிறவன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அடுத்த வாரம் வந்தால்தான் பன்னிரண்டு முடிகிறது. எழுதும்போது சரியாக எழுதுங்கள்.

சால்வை போடப்போவது யார் என்றும் சொல்லியிருப்பார்கள். சுலோச்சனா. ரொட்டிக்காரர் பொன்னுரங்கத்தின் மனைவி. அவர் இங்கே பதினேழாவது வளைவில் இறந்துபோனார். ரோட்டில் கிடந்த கல்லில் மொபெட் ஏறி. அதைப் பார்த்துத்தான் நான் கல் எடுக்க ஆரம்பித்தேன் என்று ஊரில் பேச்சு. பொய் இல்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆனால் முதலில் வண்டி ஏறட்டும். எனக்கு ஏற ஏறத்தான் பேச்சு வரும்.

அதோ பலகை பாருங்கள். 1/27. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. பழைய ஆட்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார்கள். டிரைவர்களுக்கு நம்பர்தான். 'எங்கப்பா இருக்கே?' என்று போனில் கேட்டால் 'பன்னெண்டுல' என்போம். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இருங்கள். ஒன்று கிடக்கிறது.

ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை, பார்த்தீர்களா? எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன், உங்களுக்குக் காட்ட. இந்தப் பக்கம் விரலை வைத்துத் தேயுங்கள். கறுப்பாக ஒட்டுகிறதா? டயர் ரப்பர். இது மலையிலிருந்து விழுந்த கல் இல்லை. ஆள் வைத்த கல்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது. ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. சுமை வண்டி என்றால் சுத்தமாக முடியாது. பின் டயருக்குக் கீழே ஒரு கல் கொடுக்க வேண்டும். முட்டுக்கல் என்போம். டயர் பின்னால் நகர்ந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ரிப்பேரோ என்னவோ பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கும்போது அரைக் கிளட்ச்சில் உறுமிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் வண்டி போய்விடும். கல் நடுரோட்டில் கிடக்கும்.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. கல்லை வாங்கினவன்தான் கல்லை எடுக்க வேண்டும். கொடுத்தவன் இல்லை, வாங்கினவன். யார் வண்டிக்கு முட்டு நின்றதோ அந்த டிரைவர் மேலே அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நடந்து கீழே வந்து, எடுத்து ஓரம் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எவனோ ஒருவன் நின்று, குனிந்து, நமக்குக் கல் கொடுக்கிறான். அதை எடுக்கிற வேலையையும் அவன் தலையில் கட்டுவது மரியாதை இல்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பாதிப் பேர் செய்வதில்லை. இதோ, இவன் செய்யவில்லை. கல் இன்னும் சூடாக இருக்கிறது பாருங்கள். அரை மணி நேரம் முந்தி போயிருப்பான், நாய்.

மன்னிக்கணும். பத்திரிகையில் அதைப் போடாதீர்கள்.

நீங்கள் வேறு மாதத்தில் வந்திருக்க வேண்டும் சார். தை, மாசியில் இந்த ரோடு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். காப்பிக்கொட்டை மூட்டை இறங்கும், மிளகு இறங்கும். ஆறாவது வளைவில் நின்றால் கீழே ஏரி, அதற்கப்பால் ரயில் போகிற கோடு வரைக்கும் தெரியும். பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால் ஒன்பதாம் நாள் காப்பி பூத்துவிடும். பதினொன்றிலிருந்து பதினைந்து வரைக்கும் ரெண்டு பக்கமும் வெள்ளை. அந்த வாசனைக்கு வண்டியே மெதுவாகப் போகும். அந்த மூன்று நாள் மட்டும் வண்டியில் ரொட்டி வாசனை தெரியாது எனக்கு. அந்த மூன்று நாளுக்காகவே வருஷம் பூராவும் ஓட்டலாம்.

சித்திரை, வைகாசி மோசம். கீழேயிருந்து கார்கள் வரிசையாக ஏறும். வளைவுக்கு ஒன்று மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி பறக்க நிற்கும். ஆளுக்கொரு கல்லை டயருக்குக் கொடுத்துவிட்டு, சூடு ஆறியதும் போய்விடுவார்கள். ஒரு தடவை ஒருவரைத் துரத்திக்கொண்டு போய் இருபதாவது வளைவில் மறித்தேன். மனைவி குழந்தைகளோடு வந்தவர். இந்த வண்டியிலேயே ஏற்றிக் கீழே கூட்டி வந்து, எடுங்கள் என்றேன். 'ஒரு கல்லுக்கா சார் இவ்வளவு?' என்றார். 'ஒரு கல்லுக்குத்தான்' என்றேன். எடுத்தார். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். பயந்துவிட்டதாக அப்புறம் டீக்கடையில் சொல்லியிருக்கிறார்.

ஆடியில் காற்று. மூங்கில் சாயும். சருகு மூடிவிடும், கல் சருகுக்கடியில் இருக்கும். சருகுக் குவியலைப் பார்த்தாலே நிறுத்திவிடுவேன். பஸ் டிரைவர்கள் கேலி பேசுவார்கள். 'என்ன அருளப்பா, இன்னைக்கு எத்தனை முட்டை பொறுக்கினே? குஞ்சு பொரிச்சா எங்களுக்கும் ஒண்ணு குடு' என்பார்கள். நானும் சிரிப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மலையே கல்லை அனுப்பும். அதில் மண் ஒட்டியிருக்கும், சில சமயம் வேரும் ஒட்டியிருக்கும். அந்தக் கல்லை எடுப்பது எனக்கு வேலை மாதிரி. குனிவேன், எடுப்பேன், போடுவேன். ரப்பர் ஒட்டின கல்லை எடுக்கும்போதுதான் கை கொஞ்சம் கனக்கும்.

பஸ் இறங்குகிறது, இருங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, ஆனாலும் பஸ்ஸுக்கு விட்டுவிடுவேன். அந்த டிரைவர் கையைக் காட்டினார் பார்த்தீர்களா? அது என்ன, சொல்லுங்கள்? நன்றி என்றா, போ என்றா, இல்லை முன்னால் ஒரு வண்டி வருகிறது என்றா? தெரியவில்லை இல்லையா. எனக்கும் தெரியவில்லை. முப்பது வருஷமாக ஓட்டுகிறேன்.

பத்து தாண்டிவிட்டோம். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள்.

பொன்னுரங்கம் மொபெட்டில்தான் ஏறுவார். பின்னால் இதே மாதிரி ஒரு தகரப் பெட்டி. பன், வர்க்கி, தேங்காய் ரொட்டி. மத்தியானம் ரெண்டரைக்கு அடிவாரத்தில் கிளம்பி, மேலே வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு, பத்தொன்பதுக்கு மேல் பிரிகிற மண்பாதையில் பள்ளக்காட்டுக்கும் போய்விட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார். மொபெட்டில் ஒரு ரப்பர் ஹாரன் கட்டியிருந்தார், பழைய காலத்து பாம் பாம். குழந்தைகள் ஓடிவரும். குரங்குகளும் ஓடிவரும். 'எனக்கு ரெண்டு கட்சியிலயும் செல்வாக்கு' என்பார்.

அவருக்கு ஒரு பழக்கம். யார் வண்டி நின்றாலும் நிறுத்துவார். லாரி நின்றாலும் நிறுத்துவார். 'தள்ளணுமா?' என்று கேட்பார். ஆள் ஐம்பது கிலோ இருக்கமாட்டார்.

அன்றைக்குக் கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள். மேல்சோலையில் ஒரு கல்யாணம். வண்டி நிறைய சமையல் சாமான். அண்டா, பெஞ்சு, காஸ் அடுப்பு, அரிசி மூட்டை. விடிந்தால் முகூர்த்தம், அதை விட்டால் மார்கழி, அப்புறம் தை வரைக்கும் காத்திருக்க வேண்டும். சமையல்காரர் மேலே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெண்ணின் தாய்மாமன் வளைவுக்கு ஒரு தடவை போன் பண்ணுகிறார். 'அருளப்பா, அடுப்பு வருமா, இல்லே வந்த சனத்துக்குப் பச்சரிசியைக் கையில குடுத்து மெல்லச் சொல்லவா?'

பதினேழில் வண்டி இருமிக்கொண்டு அணைந்துவிட்டது. டீசலில் காற்றுப் புகுந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் அப்போது சரியாகப் பிடிக்காது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்த சமயம். காலை எடுத்தால் வண்டி உருளும். எடுக்காவிட்டால் இறங்கிக் கல் தேட முடியாது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பனி. பின்னால் பாதாளம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொடை ஆட ஆரம்பித்துவிட்டது. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாம் பாம் என்று கேட்டது.

'யாரு, அருளா? காலை எடுத்துராதே. கல்லு தர்றேன்.'

அங்கே சின்னப் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரிலிருந்து பெயர்ந்த கல் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். அரைப் பலாப்பழம் அளவு இருக்கும். ஒரு பக்கம் மட்டமாகச் செதுக்கினது. மட்டமான பக்கத்தைக் கீழே வைத்து, டயரோடு ஒட்டிக் காலால் ரெண்டு உதை உதைத்துவிட்டு, 'ம், விடு' என்றார். விட்டேன். டயர் கல்லில் உட்கார்ந்தது. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். எடுத்ததும் அழுதுவிட்டேன் சார். அவர் பார்க்காத மாதிரி பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

காற்றை எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. அதுவரைக்கும் நின்றார். ஒரு பன்னை எடுத்து நீட்டினார். 'தின்னுக்கிட்டே ஓட்டு. வெறும் வயித்தோட மலையில ஓட்டாதே' என்றார். வாயில் கவ்விக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வண்டி பிடித்துக்கொண்டது. அரைக் கிளட்ச், ஆக்சிலேட்டர், ஒரே மூச்சு. கிளம்பிவிட்டது. வலது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பனியில் அவர் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தார். கையைத் தூக்கி ஆட்டினார்.

கையைத் தூக்கி ஆட்டினார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆட்டினார். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். பதினெட்டில் அகலம் இருக்கிறது. நிறுத்தியிருக்கலாம். இறங்கி நடந்துவந்து எடுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆகும். போன் அடித்தது. கையால் காட்டிவிட்டாரே, எடுத்துவிடுவார், என்று போய்விட்டேன். கல்லை வைத்தவர் அவர்தானே சார். வைத்த இடம் அவருக்குத் தெரியாதா?

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கூடச் சொன்னதில்லை. மற்றதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

சாமானை இறக்கிவிட்டு, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, ஐந்தரைக்கு இறங்கினேன். பதினேழில் பஸ் குறுக்கே நிற்கிறது, ஜனம் நிற்கிறது. ரோடெல்லாம் விற்று மிஞ்சின பன். இறங்கி வந்த மொபெட் சுவரில் மோதி மடங்கியிருந்தது. அவர் மேல் யாரோ துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். குரங்குகள் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தன. யாரும் விரட்டவில்லை.

கல் நடுவில் கிடந்தது. அரைப் பலாப்பழம்.

பஸ் டிரைவர் சொன்னார், 'எந்த லாரிக்காரனோ கல்லை விட்டுட்டுப் போயிருக்கான். அவன் விளங்குவானா?' எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் சொன்னேன். 'அவன் கையை வெட்டணும்' என்றேன். என் வாயால், நானே. சொல்லிவிட்டு, குனிந்து அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவருக்கு அப்பால் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் தெரியாது. போலீஸ்காரர் வந்து கல் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் டிரைவரே சொல்லிவிட்டார், 'இன்னொருத்தன் விழுந்துறக் கூடாதுன்னு அருளப்பன் அப்பவே எடுத்துப் போட்டுட்டான் சார்.' போலீஸ்காரர் என் தோளில் தட்டினார்.

அதுதான் முதல் கல். நீங்கள் எழுதப்போகிற கட்டுரை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போட்டுவிட்டு விழுகிற சத்தத்துக்காக நின்றேன். அந்தப் பள்ளத்தில் எதைப் போட்டாலும் சத்தம் வரும். முதலில் ஒரு மரத்தில் அடிக்கும், அப்புறம் பாறையில், அப்புறம் கடைசியாகக் கீழே தண்ணீர்ப் பக்கம். அன்றைக்கு எதுவும் வரவில்லை. பனியில் சத்தம் அமுங்கிவிடும் என்பார்கள். இருக்கலாம். இப்போதும் பதினேழில் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போவேன்.

அதற்கு அப்புறம் பதினேழில் ஒரு கல் கிடக்கும். தினமும் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் ரெண்டு. ஒரு பக்கம் மட்டம். எடுத்துப் போடுவேன், மறுபடி கிடக்கும். சாலை ஆய்வாளரிடம் கேட்டேன். 'பாலத்துச் சுவரு பழசுய்யா, அதுலேர்ந்து பேர்ற கல்லு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்' என்றார். சரியான பதில்தான். மூன்று வருஷம் முந்தி அந்தச் சுவரை இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். போன மாதமும் ஒன்று கிடந்தது.

பயப்படாதீர்கள். நான் பேய்க் கதை சொல்லவில்லை. கல் கல்தான்.

சுலோச்சனா மூன்றாம் மாதமே ரொட்டி வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. மேலே ஒரு கடையில் வைத்து விற்கிறது. பெட்டி தினமும் என் வண்டியில்தான் ஏறும். கூலி வாங்குவதில்லை. அதையும் என் நல்ல குணம் என்று தணிகாசலம் உங்களிடம் சொல்லியிருப்பார். சனிக்கிழமை சரக்கு சொல்ல அடிவாரத்துக்கு வந்துவிட்டு என்னோடு ஏறும். இந்த சீட்டில்தான் உட்காரும். பதினேழு வரும்போது நான் பேச்சை நிறுத்துவேன். அதுவும் நிறுத்தும். பொன்னுரங்கத்துக்குக் காட்டுகிற மரியாதை என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் கல்லை எடுக்க இறங்கினால் அதுவும் இறங்கி நிற்கும். ஒரு தடவை கை வைக்க வந்தது. 'நீ தொடாதே தங்கச்சி' என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை ஏறியது. முகத்தில் சந்தோஷம். சால்வை எடுத்து வைத்துவிட்டதாம், கூட்டுறவுக் கடையில், பச்சைக் கரை. 'தணிகாசலம் அண்ணன் யாரு போடறதுன்னு கேட்டாரு. நான்தான் போடுவேன்னு சொல்லிட்டேண்ணே' என்றது. அப்புறம் தானாகவே சொன்னது.

'அவரு உங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாருண்ணே. அருளு வண்டிக்குப் பின்னால போனா கண்ணை மூடிக்கிட்டுப் போலாம் சுலோ, ஒரு கல்லு கெடக்காது ரோட்டுலன்னு. அப்பவே நீங்க அப்படித்தானேண்ணே. அவரு போனப்புறம்தான் நீங்க ஆரம்பிச்சீங்கன்னு இவங்க பேசுறாங்க. எனக்குத்தான் தெரியும்.'

அப்போது பதினான்கில் இருந்தோம். பதினெட்டு வரைக்கும் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். அது என்னைப் பார்த்து, 'கண்ணுல தூசியாண்ணே?' என்றது.

அவர் சொன்னதும் பொய் இல்லை. அந்த ஒரு நாளுக்கு முன்னால் நான் ஒரு கல்லைக் கூட விட்டுவிட்டு வந்ததில்லை. எங்கே வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து தூக்கம் இல்லை. இப்படி யோசித்துப் பாருங்கள். நீங்கள் படித்தவர். போ, கல்லை நான் எடுக்கிறேன் என்று அவர் கையைக் காட்டியிருந்தால், எடுத்திருப்பார் இல்லையா? எடுக்கவில்லை. அப்படியானால் அவர் காட்டியது வேறே. நில்லு, கல்லு கிடக்கிறது, மறந்துவிடாதே என்று காட்டியிருக்கிறார். காட்டிவிட்டு, அருள் வந்து எடுப்பான் என்று நம்பிப் போய்விட்டார். சாயங்காலம் பனியில் இறங்கும்போது, அருள் எடுத்திருப்பான் என்று நம்பியே இறங்கியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு.

இல்லை, போ என்றுதான் காட்டினார், மொபெட்டைக் கிளப்புகிற மும்முரத்தில் கல்லை மறந்துவிட்டார் என்றும் இருக்கலாம். மனுஷன் மறப்பான். பெட்டி நிறைய ரொட்டி, விற்க வேண்டும், இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். அப்படி ஆயிரம் இருக்கிறது.

ரெண்டில் ஒன்று எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிய வேண்டும். போ என்றுதான் காட்டினார் என்றால், சால்வைக்குத் தலையைக் குனிவேன். நில் என்று காட்டினார் என்றால், சுலோச்சனா சால்வையைப் பிரிப்பதற்கு முன்னால் நான் மைக்கை வாங்கிச் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அது என்ன செய்கிறதோ செய்யட்டும். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி, அந்தச் சால்வையாலேயே என் முகத்தில் அடித்தாலும் சரி. இந்தப் பெட்டியை இந்த வண்டியில் இனிமேல் ஏற்றாது. அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

பதினாறு. கண்ணாடியை இறக்கிக்கொள்கிறேன்.

பாருங்கள், அன்றைக்கு மாதிரியே பனி. நாலேகால். ஒரு வாரமாக இதற்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன்னாலும் சில பேரை இங்கே நிற்கவைத்துப் பார்த்திருக்கிறேன், வண்டி கோளாறு என்று பொய் சொல்லி. ஆனால் ஒரு நாள் வெயில், ஒரு நாள் மழை. பனி சரியாக இருந்த அன்றைக்கு ஏறினவர் கையையே தூக்கவில்லை. விவரம் சொல்லாமல் கேட்டால் யாருக்கும் சரியாகச் செய்ய வராது. உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

பதினேழு. நிறுத்திவிட்டேன். என்ஜினையும் அணைத்துவிட்டேன். கால் பிரேக்கில்தான் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கும், புதுசு. ஆனால் போடவில்லை.

நீங்கள் இறங்குங்கள் சார். தயவுபண்ணி. அதோ, ஓரத்தில் ஒன்று கிடக்கிறது பாருங்கள். கிடக்கும் என்று தெரியும். அதைத் தூக்கிப் பின் டயருக்குக் கொடுங்கள். மட்டமான பக்கம் கீழே. டயரோடு ஒட்டி, காலால் ரெண்டு உதை. விடு என்று சொல்லுங்கள், விடுகிறேன். அப்புறம் பின்னால் பத்தடி தள்ளி, ஓரமாக நில்லுங்கள். நான் வண்டியை எடுப்பேன். எடுத்ததும் கையைத் தூக்கி ஆட்டுங்கள். போ என்று ஆட்டுவீர்களோ, நில் என்று ஆட்டுவீர்களோ, உங்கள் இஷ்டம். எதை என்று மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணாடியில் பார்த்து இதுதான் என்று சொல்கிறேன். சரியாகச் சொல்ல முடிகிறதா பார்ப்போம். முடிந்தால், அன்றைக்கும் எனக்குத் தெரிந்துதான் இருக்கும்.

இறங்குவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு பன் எடுத்துக் கொடுங்கள். சுலோச்சனாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். வாயில் பன்னோடுதான் அன்றைக்குப் பார்த்தேன்.

கால் ஆட ஆரம்பித்துவிட்டது. சீக்கிரம்.

இன்னொன்று. நான் போனபிறகு கல்லை நீங்கள் தொடாதீர்கள். அது அங்கேயே கிடக்கட்டும். யாராவது வந்தால் மட்டும் கையைக் காட்டி நிறுத்துங்கள். பதினெட்டில் ஓரங்கட்டிவிட்டு நான் நடந்து வருகிறேன். வந்து எடுக்கிறேன். ஐந்து நிமிஷம்தான் சார் ஆகும்.